நிச்சயதார்த்த வைர மோதிரம்: கல், உலோகம், கல் பதிப்பு, பில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் வீடுகளில் வைரம் வாங்கிய அனுபவம் பெரும்பாலும் மூக்குத்தியிலும் தோட்டிலும்தான். அவை முகத்தோடு இருப்பவை, எதிலும் இடிபடாதவை. மோதிரம் அப்படியல்ல. பேருந்துக் கம்பி, குக்கர் மூடி, பைக் பிரேக், பிள்ளையின் ஸ்கூல் பை என நாள் முழுக்க ஏதாவது ஒன்றில் மோதிக்கொண்டே இருக்கும். தோடு வாங்கிய கணக்கிலேயே மோதிரத்தையும் வாங்கும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டுக் கடைகளில் வாங்குபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

பட்ஜெட் கையில் இருக்கிறது. முதலில் எதை முடிவு செய்வது?

மோதிரத்தை தினமும் போடுவார்களா, விசேஷத்துக்கு மட்டுமா என்பதை. தினமும் என்றால் உலோகமும் கல்லைப் பிடிக்கும் அமைப்பும் முதலில். கல்லின் அளவு அதற்குப் பிறகு. விசேஷத்துக்கு மட்டும் என்றால் கல்லை உயரமாகத் தூக்கிப் பிடிக்கும் அமைப்பு, மெல்லிய வளையம் எதுவும் பரவாயில்லை.

அடுத்து கல்லில் எதற்குப் பணம் கொடுப்பது என்ற கேள்வி. எங்கள் வரிசை இது: கட் (கல்லை வெட்டிய நேர்த்தி), பிறகு அளவு, பிறகு நிறம், கடைசியில் சுத்தம் (உள்ளே புள்ளி, விரிசல் இல்லாமை). கடைகளில் பேச்சு பெரும்பாலும் தலைகீழாகப் போகும். ‘விவிஎஸ், இஎஃப்’ என்று சொன்னால் மேசை மேல் பேச்சே முடிந்துவிடும். விவிஎஸ் என்பது உயர்ந்த சுத்தத் தரம், அதற்குக் கீழே விஎஸ், எஸ்ஐ என்று இறங்கும்; இஎஃப் என்பது நிறத் தரம். விவிஎஸ்1-க்கும் விஎஸ்1-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் யாராலும் காண முடியாது. கட் மோசம் என்றால் நான்கடி தூரத்திலிருந்தே எல்லாரும் காண்பார்கள்.

எத்தனை சென்ட் வாங்கினால் கையில் நன்றாகத் தெரியும்?

ஒரு கேரட் என்பது 100 சென்ட், எடையில் 0.2 கிராம். தங்கத்தின் 22 கேரட், 18 கேரட் என்பது தூய்மைக் கணக்கு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கண்ணுக்குத் தெரிவது எடை அல்ல, விட்டம். நன்றாக வெட்டிய வட்டக் கல்லின் விட்டம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

10 சென்ட் – 3.0 மி.மீ.
20 சென்ட் – 3.8 மி.மீ.
30 சென்ட் – 4.3 மி.மீ.
50 சென்ட் – 5.1 மி.மீ.
70 சென்ட் – 5.7 மி.மீ.
1 கேரட் – 6.4 முதல் 6.5 மி.மீ.

எடை இரட்டிப்பானாலும் விட்டம் கால் பங்குதான் கூடும் என்பதைக் கவனியுங்கள். மெல்லிய விரலுக்கு 30 சென்ட் ஒற்றைக்கல் போதுமான தோற்றம் தரும். 50 சென்ட் என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கவனிப்பார்.

விலை சீராக ஏறுவதில்லை, படிக்கட்டாக ஏறும். 30, 40, 50, 70, 90 சென்ட், 1 கேரட் ஆகிய எல்லைகளைத் தாண்டும்போது ஒரு கேரட்டுக்கான விலையே மாறிவிடும். அதனால் 50 சென்ட்டுக்குப் பதில் 47 அல்லது 48 சென்ட் கல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விட்ட வித்தியாசம் ஏறத்தாழ 0.1 மி.மீ.தான் வரும். ஒரு எச்சரிக்கை: சரியாக 50 சென்ட் எட்டவேண்டும் என்பதற்காகவே அடியில் கனத்தை விட்டு வெட்டிய கற்கள் உண்டு. சான்றிதழில் எடையோடு விட்டத்தையும் பாருங்கள். 50 சென்ட் எழுதியிருந்து விட்டம் 4.9 மி.மீ. என்றால், அந்தக் கூடுதல் எடை கண்ணில் படாமல் கல்லின் அடியில் ஒளிந்திருக்கிறது.

கட் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. மேலிருந்து உள்ளே போகும் வெளிச்சம் அடிப்பக்கச் சரிவுகளில் இரண்டு முறை திரும்பி மேல்வழியாகவே வெளிவந்தால் கல் ஜொலிக்கும். அடிப்பக்கம் ஆழமாகிவிட்டால் வெளிச்சம் பக்கவாட்டில் கசிந்து நடுவில் கருமை தெரியும். ஆழம் குறைந்தால் மேசை போன்ற மேல்முகத்துக்குள் ஒரு வெளிறிய வட்டம் தெரியும், மீன்கண் என்பார்கள்.

வட்டக் கல்லுக்கு சான்றிதழில் பார்க்க வேண்டிய எண்கள் இவை. மொத்த ஆழம் 59 முதல் 62.5 சதவீதம். மேல்முக அகலம் 54 முதல் 58 சதவீதம். மேல்சரிவு 34 முதல் 35 டிகிரி. அடிச்சரிவு 40.6 முதல் 41 டிகிரி. நான்கில் முக்கியமானது கடைசி எண்தான். கட், பாலிஷ், சிமெட்ரி மூன்றும் எக்ஸலன்ட் என்றிருந்தால் அதை ‘ட்ரிபிள் எக்ஸ்’ என்பார்கள். மூன்றும் கிடைக்காவிட்டாலும் கட் மட்டும் எக்ஸலன்டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

கடையில் செய்யவேண்டியது: கல்லை ஸ்பாட் லைட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். அந்த மஞ்சள் விளக்குகளின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். வாசல் பக்கம், நிழல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாள் மேல் வைத்து, இரண்டு கல்லைப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். ஒரு கல்லைத் தனியாகப் பார்த்து முடிவு சொல்ல அனுபவசாலிகளே தயங்குவார்கள்.

வட்டம் தவிர வேறு வடிவம் எடுக்கலாமா?

எடுக்கலாம், விலையும் குறையும். கச்சாக் கல்லில் வட்டத்துக்குத்தான் சேதாரம் அதிகம். ஆனால் ஓவல் (முட்டை), பேர் (நீர்த்துளி), மார்க்கீஸ் (இரு முனையும் கூர்) வடிவங்களில் நடுவே வில்முடிச்சு போல ஒரு கருநிழல் விழும். அது எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று நேரில் பார்க்காமல் வாங்கக்கூடாது. பிரின்சஸ் என்ற சதுரக் கல்லின் மூலைகளும் பேர் கல்லின் கூர்முனையும் உடைந்து தெறிக்கும் இடங்கள். வைரம் உலகிலேயே கடினமான கனிமம் என்பது கீறலுக்குத்தான் பொருந்தும். நான்கு திசைகளில் அதற்குப் பிளவுத் தளம் உண்டு, சரியான கோணத்தில் இடித்தால் பிளக்கும். கூர்முனைகளை வி-வடிவ உலோக முனை மூடியிருக்க வேண்டும். எமரால்டு கட் என்ற நீள்சதுரக் கல்லில் கண்ணாடி சன்னல் போல உள்ளே தெரிவதால், சுத்தத்தில் விஎஸ்-க்குக் கீழே போகாதீர்கள்.

நிறம் எது வாங்குவது? எல்லாரும் இஎஃப் என்கிறார்களே?

டி முதல் இசட் வரை போகும் நிற வரிசையில் டி, இ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறத்தாழ நிறமற்றவை. ஆய்வகத்தில் இதைக் கல்லைக் கவிழ்த்து, வெள்ளைப் பின்னணியில், மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். நிமிர்த்தி, உலோகத்தில் பதித்துவிட்டால் அந்த நுணுக்கம் காணாமல் போகும்.

எனவே நிறத்தைத் தனியாக அல்ல, உலோகத்தோடு சேர்த்து முடிவு செய்யுங்கள். மஞ்சள் தங்கம் அல்லது ரோஸ் தங்கத்தில் பதித்தால் உலோகத்தின் நிறமே கல்லுக்குள் பிரதிபலிக்கும். அங்கே டி நிறம் வாங்குவது வீண்செலவு. ஐ, ஜே போதும். வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் என்றால் ஜி அல்லது ஹெச். இஎஃப் எடுக்க ஒரே நியாயமான காரணம், பக்கத்தில் இஎஃப் கற்கள் கொண்ட தோட்டோடு ஜோடி சேர்ப்பது.

கல்லில் புள்ளி இருக்கலாமா? வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.

காகபாதம், விந்து, ரேகை என்று வைரக் குற்றங்களைப் பட்டியலிட்ட மரபு நம்முடையது. பயம் அங்கிருந்து வருகிறது. நம்பிக்கை பற்றி வாதம் வேண்டாம். ‘கரும்புள்ளி இல்லாத கல்’ என்று கேட்டால் எந்தக் கடையும் புரிந்துகொள்ளும். அதற்கு விவிஎஸ் வாங்கவேண்டிய அவசியம் கிடையாது. விஎஸ்2-விலும் நல்ல எஸ்ஐ1-லும் உள்ள உட்பொருள் வெண்மையாகவோ நிறமற்றோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கவலைப்பட வேண்டிய குறைகள் வேறு. சான்றிதழ்ப் படத்தில் மேல்முகத்தின் நடுவில் கருமையான படிகம் இருந்தால் தவிருங்கள். ஓரம் வரை எட்டும் விரிசல், ‘ஃபெதர்’ என்று குறிப்பிடுவார்கள், பதிக்கும்போது அழுத்தத்தில் விரியக்கூடும். ‘க்ளவுட்’ அடர்த்தியாக இருந்தால் கல் முழுக்க பால் கலங்கியது போல மங்கும். இந்த மூன்றும் இல்லாத எஸ்ஐ1, விலை கொடுத்த விவிஎஸ்-ஐவிட நல்ல பேரம்.

‘ப்ளூ ஜாகர்’ கல் வேண்டும் என்று பாட்டி சொல்கிறார். அது எது?

தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்த நீலச்சாயல் வெண்கற்களுக்கு அந்தப் பெயர் ஏற்பட்டு, தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நிலைத்துவிட்டது. அந்தச் சுரங்கம் மூடப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்று அந்தப் பெயரில் விற்கப்படுவது, புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கற்கள். வெயிலில் புற ஊதா இருப்பதால் பகலில் ஒரு நீலச்சாயல் தெரியும்.

சான்றிதழில் இது ‘ஃப்ளோரசென்ஸ்’ என்ற வரியில் இருக்கும்: நன் (இல்லை), ஃபெய்ன்ட், மீடியம், ஸ்ட்ராங், வெரி ஸ்ட்ராங். ஐ, ஜே நிறக் கல்லில் மீடியம் நீலம் இருந்தால் மஞ்சள் சாயலைக் குறைத்துக் காட்டும், விலையும் சற்றுக் குறையும், நல்ல கூட்டணி. ஸ்ட்ராங் கற்களில் சில வெயிலில் மங்கலாகத் தெரியும். வாசலில் பார்த்துவிட்டு எடுங்கள். ‘ப்ளூ ஜாகர்’ என்ற பெயருக்காக மட்டும் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். எந்த ஆய்வகமும் அப்படியொரு தரத்தை எழுதித் தருவதில்லை.

ஒற்றைக்கல்லா, சிறு கற்களைச் சேர்த்துப் பெரிதாகக் காட்டும் மோதிரமா?

ஏழு அல்லது ஒன்பது கற்களை நெருக்கிப் பதித்து ஒற்றைக்கல் போலக் காட்டும் மோதிரங்கள் மலிவு. மொத்த எடை 50 சென்ட் என்று எழுதியிருக்கும். ஒரே 50 சென்ட் கல்லின் விலையோடு இதை ஒப்பிடவே கூடாது, சிறு கல்லுக்கு ஒரு கேரட் விலை மிகக் குறைவு. தோற்றத்தில் குறையில்லை. ஆனால் நடுவில் ஒரு கல் விழுந்தால் அதே அளவில் பொருத்தமான கல் தேட வேண்டும். பின்னால் விற்கும்போது சிறு கற்களுக்கு மதிப்பும் குறையும். தினமும் போடும் மோதிரத்துக்கு ஒரே கல், அதுவும் அளவில் கொஞ்சம் சிறிதாக இருந்தாலும், தொல்லை குறைவு.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் உண்மையான வைரமா?

ஆம். கரிமமே, அதே படிக அமைப்பு, அதே கடினம், அதே ஜொலிப்பு. உயர் அழுத்த வெப்ப முறையிலோ, வாயுவிலிருந்து அடுக்கடுக்காகப் படியவைக்கும் சிவிடி முறையிலோ சில வாரங்களில் வளர்க்கிறார்கள். சூரத் இதற்கும் பெரிய மையம். கண்ணாலோ லென்ஸாலோ வைரத்தைச் சோதிக்கும் சாதாரண வைர பேனாவாலோ வேறுபாடு காண முடியாது. நிறமாலைக் கருவி வேண்டும்.

வேறுபாடு விலையிலும் மறுவிற்பனையிலும்தான். சில ஆண்டுகளாக இவற்றின் விலை தொடர்ந்து இறங்கி வந்திருக்கிறது. இன்று கொடுத்த விலை திரும்பி வரும் என்று நம்பி வாங்க வேண்டாம். பெரிய கல் வேண்டும், விற்கும் எண்ணமே இல்லை என்பவர்களுக்கு இது நல்ல தேர்வு என்பதே எங்கள் கருத்து. தங்கம் போல அவசரத்துக்கு உதவவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அல்ல. பில்லிலும் சான்றிதழிலும் ‘ஆய்வகத்தில் வளர்த்தது’ என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஒரு சிவிடி கல்லில் லேசான பழுப்பு அல்லது சாம்பல் சாயல் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நிறத்தரம் நன்றாக எழுதியிருந்தாலும் இது சில கற்களில் தெரியும்.

ஏடி, மொய்சனைட் எல்லாம் என்ன? வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

அமெரிக்கன் டைமண்ட் என்று நம் ஊரில் சொல்வது க்யூபிக் சிர்கோனியா. வைரமல்ல, அமெரிக்காவுடன் சம்பந்தமும் கிடையாது. அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமாக இருக்கும், சில ஆண்டுகளில் முனைகள் தேய்ந்து மங்கும். மொய்சனைட் சிலிக்கன் கார்பைடு. வைரத்தைவிடக் கூடுதலாக வானவில் நிறம் சிதறும். வெப்பத்தைக் கடத்தும் குணம் வைரத்துக்கு நெருக்கமாக இருப்பதால் பழைய வகை வைர பேனா மொய்சனைட்டை ‘வைரம்’ என்றே காட்டும். மின் கடத்தலையும் சேர்த்துப் பார்க்கும் கருவி தேவை.

கல்லின் மேல் ஊதிப் பார்ப்பது, தண்ணீரில் போடுவது, செய்தித்தாள் எழுத்தைப் படிப்பது எதுவும் நம்பத்தக்கதல்ல. கண்ணாடியைக் கீறிப் பார்ப்பதைச் செய்யவே வேண்டாம். மொய்சனைட்டும் கீறும், உங்கள் வைரத்தின் ஓரமும் தெறிக்கலாம்.

எந்தச் சான்றிதழ் போதும்?

30 சென்ட்டும் அதற்கு மேலும் உள்ள ஒற்றைக்கல்லுக்கு, பதிக்காத நிலையில் ஆய்வு செய்த தனிச் சான்றிதழ் கேளுங்கள். ஜிஐஏ, ஐஜிஐ ஆகிய இரண்டு ஆய்வகங்களின் சான்றிதழ்கள் நம் கடைகளில் புழங்குபவை. கல்லின் இடுப்பு ஓரத்தில் லேசரால் சான்றிதழ் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டு எடை, விட்டம், தரம் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

மோதிரமாகச் செய்தபின் தரும் நகைச் சான்று வேறு வகை. அதில் ‘ஜி-ஹெச், விஎஸ்’ என்று ஒரு வீச்சாகத்தான் எழுத முடியும், ஏனெனில் உலோகம் நிறத்தை மறைக்கிறது. சிறு கற்கள் கொண்ட மோதிரத்துக்கு அது போதும். கடையே தன் பெயரில் அச்சடித்துத் தரும் அட்டை சான்றிதழ் ஆகாது.

22 கேரட் தங்கத்தில் ஏன் வைர மோதிரம் செய்யக்கூடாது? அதுதானே நம் தங்கம்?

22 கேரட்டில் 91.6 சதவீதம் தங்கம், அது மிருதுவானது. கல்லைப் பிடித்திருக்கும் கால்கள் ஒரு மி.மீ. கனத்துக்குக் குறைவானவை. கையில் இடிபட்டு இடிபட்டு அவை மெல்ல விலகும், ஒருநாள் கல் இருக்காது. தோட்டில் அடியை மூடிக் கட்டும்போது கல்லைச் சுற்றிலும் தங்கம் இருப்பதால் அந்த ஆபத்து குறைவு.

மோதிரத்துக்கு 18 கேரட் எடுங்கள். 75 சதவீதம் தங்கம், மீதி வெள்ளியும் செம்பும். தங்க விலை ஏறியபின் 14 கேரட்டும் பரவலாகக் கிடைக்கிறது: 58.5 சதவீதம் தங்கம், இன்னும் உறுதி, எடையும் குறைவு, நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும். மெல்லிய வளையம், உயரமான ஒற்றைக்கல் என்றால் 14 கேரட் மோசமான தேர்வு அல்ல. வீட்டில் ‘கம்மித் தங்கம்’ என்று முணுமுணுப்பார்கள். கல் விழாமல் இருப்பது முக்கியம் என்று சொல்லிவிடுங்கள்.

வெள்ளைத் தங்கமா, பிளாட்டினமா?

வெள்ளைத் தங்கம் என்பது தங்கத்தோடு பல்லேடியம் அல்லது நிக்கல் கலந்து, மேலே ரோடியம் பூசியது. அந்தப் பளிச்சென்ற வெண்மை ரோடியத்துடையது. தினமும் போட்டால் ஓரிரு ஆண்டில் வளையத்தின் அடிப்பக்கம் பூச்சு தேய்ந்து லேசான மஞ்சள் எட்டிப்பார்க்கும். திரும்பப் பூச வேண்டும். கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கும் பழக்கம் உள்ளவர்கள் நிக்கல் இல்லாத கலவையா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிளாட்டினத்துக்குப் பூச்சு தேவையில்லை. நகைகளில் 95 சதவீதத் தூய்மை. உள்ளே ‘பிடி 950’ என்று பொறித்திருக்கும். கீறினால் உலோகம் விலகுமே தவிர உதிராது, அதனால் கால்கள் ஆண்டுக்கணக்கில் தேயாமல் நிற்கும். கல்லைப் பிடிக்க இதைவிட நல்ல உலோகம் கிடையாது. குறைகளும் உண்டு. மேற்பரப்பு சீக்கிரம் மங்கி சாம்பல் பூத்தது போலாகும். அடர்த்தி அதிகம் என்பதால் அதே டிசைன் 18 கேரட் தங்கத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் எடை வரும். உருகுநிலை 1,768 டிகிரி செல்சியஸ். தெருமுனைப் பட்டறையில் அளவு மாற்ற முடியாது, வாங்கிய கடைக்கே போகவேண்டும். செய்கூலி அதிகம். அடகு வைக்கப் போனால் பல இடங்களில் தொடவே மாட்டார்கள்.

நடுவழி ஒன்று உண்டு: வளையம் 18 கேரட் மஞ்சள் தங்கம், கல் உட்காரும் தலைப்பகுதி மட்டும் பிளாட்டினம். கல் வெண்மையாகத் தெரியும், கால்கள் உறுதியாக நிற்கும், வளையம் தங்க மதிப்போடு இருக்கும். கேட்டால் செய்து தருவார்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

ரோஸ் தங்கம்?

செம்பு கூடிய 18 கேரட். பூச்சு தேவையில்லை, உறுதியானது, மாநிறக் கைக்கு நன்றாக எடுபடும். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

கல் பதிக்கும் முறையில் எது பாதுகாப்பு?

கல்லின் விளிம்பைச் சுற்றி முழுவதும் உலோக வளையம் போட்டு மூடும் பெசல் முறை எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. நர்ஸ், சமையல் வேலை, குழந்தையைத் தூக்குபவர்கள், ஆண்கள் இதை எடுக்கலாம். கல் கொஞ்சம் சிறிதாகத் தெரியும் என்பதுதான் விலை.

ப்ராங் எனப்படும் கால்கள் பிடிக்கும் முறையில் நான்கைவிட ஆறு நல்லது. நான்கில் ஒன்று வளைந்தால் கல் போய்விடும். ஆறில் ஒன்று வளைந்தால் ஆடும், கவனித்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். தலை உயரமாக இருந்தால் புடவை, துப்பட்டா, தலைமுடி எல்லாம் மாட்டும்; தாழ்வாகக் கட்டச் சொல்லுங்கள், ஆனால் கல்லின் அடிமுனை விரலில் குத்தாத உயரம் வேண்டும்.

வளையம் முழுக்கச் சிறு கற்கள் பதித்த பாவே அழகாக இருக்கும். அந்தக் கற்களைப் பிடிப்பவை மணல் அளவு உலோக முத்துகள். உள்ளங்கைப் பக்கம் பதித்தவைதான் முதலில் விழும். மேல்பாதியில் மட்டும் பதித்ததை எடுங்கள். வளையத்தின் அகலம் 1.8 மி.மீ., கனம் 1.5 மி.மீ. இவற்றுக்குக் குறையாமல் இருக்கட்டும். எடையைக் குறைத்துக் காட்ட உள்பக்கத்தைக் குடைந்துவிடுவதும் உண்டு, திருப்பிப் பாருங்கள்.

விரல் அளவு எப்படி எடுப்பது?

நம் கடைகளில் புழங்கும் எண், உள்சுற்றளவு மில்லிமீட்டரில் 40 கழித்தது என்று வைத்துக்கொள்ளலாம்: 52 மி.மீ. சுற்றளவு என்றால் அளவு 12. மாலையில், கை சாதாரண சூட்டில் இருக்கும்போது எடுங்கள்; ஏசி கடையில் காலையில் எடுத்தால் வெயில் நாளில் இறுகும். முட்டியைத் தாண்டும்போது சற்றே தடை இருக்க வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் அகலமான வளையத்துக்கு அரை முதல் ஒரு அளவு கூட்டுங்கள்.

இது ரகசியப் பரிசு என்றால், அவர் அதே விரலில் போடும் மோதிரத்தின் உள்விட்டத்தை ஸ்கேலால் அளந்து 3.14-ஆல் பெருக்குங்கள். சந்தேகம் வந்தால் அரை அளவு பெரிதாக எடுங்கள், சிறிதாக்குவது சுலபம். சுற்றிலும் கல் பதித்ததை அளவு மாற்ற முடியாது.

பில்லில் என்னென்ன பார்க்க வேண்டும்?

மொத்த எடையிலிருந்து கல் எடையைக் கழித்து, தங்கத்தின் நிகர எடைக்கு மட்டும் தங்க விலை போட்டிருக்க வேண்டும். கணக்கு புரிய ஒரு உதாரணம். விலைகள் கணக்குக்காக மட்டும். மோதிரம் 3.40 கிராம், வைரம் 50 சென்ட். வைரத்தின் எடை 0.10 கிராம், தங்கம் 3.30 கிராம். 22 கேரட் கிராம் ரூ.10,000 என்றால் 18 கேரட் ஏறத்தாழ ரூ.8,190 (750-ஐ 916-ஆல் வகுத்துப் பெருக்குங்கள்). தங்கம் ரூ.27,027. செய்கூலி கிராமுக்கு ரூ.1,500 என்றால் ரூ.4,950. வைரம் கேரட் ரூ.1,20,000 வீதம் ரூ.60,000. கூட்டினால் ரூ.91,977. ஜிஎஸ்டி 3 சதவீதம் ரூ.2,759. மொத்தம் ரூ.94,736.

18 கேரட் மோதிரத்துக்கு 22 கேரட் விலை போடுவதும், செய்கூலியோடு சேதாரமும் தனியாகச் சேர்ப்பதும் நடக்கும் இடங்கள் உண்டு. ‘வைர நகைக்குச் சேதாரம் இல்லை’ என்ற விளம்பரம் வந்தால் வைரத்தின் கேரட் விலையை வேறு கடையோடு ஒப்பிடுங்கள். விட்டதை அங்கே பிடித்திருக்கலாம். ரூ.2 லட்சத்துக்கு மேல் வாங்கினால் பான் எண் தரவேண்டும், ரூ.2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கடைக்கு அனுமதி இல்லை.

ஹால்மார்க் இருந்தால் வைரமும் நல்லது என்று அர்த்தமா?

இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் ஹால்மார்க் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே. உள்பக்கம் மூன்று குறிகள் இருக்கவேண்டும்: பிஐஎஸ் முத்திரை, 18கே750 போன்ற தூய்மை, ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி என்ற தனி அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யூஐடி இல்லாமல் விற்கக்கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் கடையின் பதிவு, சோதித்த மையம், தூய்மை எல்லாம் வரும். தூய்மை குறைந்திருப்பது நிரூபணமானால் குறைந்த மதிப்பின் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற விதி இருக்கிறது. பிளாட்டினம் இந்தக் கட்டாய ஹால்மார்க்கில் அடங்காது.

திரும்பக் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும்?

மாற்றிக்கொள்வது ஒரு விலை, பணமாகப் பெறுவது இன்னொரு விலை. இரண்டையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சதவீதம் எந்த விலையில் கணக்கிடப்படும் என்பதும் எழுத்தில் வேண்டும்: வாங்கிய விலையிலா, அன்றைய விலையிலா. செய்கூலியும் ஜிஎஸ்டியும் திரும்பாது. வேறு கடைக்குப் போனால் தங்கத்துக்கு மட்டும் விலை போட்டு, கல்லைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் தனிச் சான்றிதழ் உள்ள ஒற்றைக்கல்லுக்குத்தான் பேச்சே எடுக்க முடியும்.

மோதிரம் தயாராகிவிட்டது. வாங்கும்போது என்ன சோதிப்பது?

பத்து மடங்கு லென்ஸ் கேளுங்கள், கடையில் இருக்கும். ஓரத்தில் பொறித்த எண் சான்றிதழோடு ஒத்திருக்கிறதா பாருங்கள். ஒரு கால் அதன்மேல் உட்கார்ந்து மறைக்காமல் பதிக்கச் சொல்லி ஆர்டரிலேயே எழுதலாம். பக்கவாட்டில் பார்த்தால் கல் சாயாமல் மட்டமாக இருக்க வேண்டும். காதருகே வைத்து மெல்லத் தட்டுங்கள். சலசலத்தால் கல் ஆடுகிறது. ஒவ்வொரு காலும் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. கடைசியாக, கால்களின் மேல் புடவைத் தலைப்பை இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் முனையை மழுக்கச் சொல்லுங்கள். எடையை உங்கள் முன்னால் போடச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

ஆர்டர் கொடுத்துச் செய்வதென்றால் நிச்சயத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அளவு தவறினால் திருத்த நேரம் வேண்டும். முகூர்த்த மாதங்களில் பட்டறைகள் நிரம்பி வழியும்.

ஆறு மாதத்திலேயே கல் மங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

அநேகமாக இல்லை. வைரத்தின் மேற்பரப்புக்கு எண்ணெய் ஒட்டும் குணம் உண்டு. தேங்காய் எண்ணெய், மாவு, மஞ்சள், சந்தனம், சோப்பு எல்லாம் கல்லின் அடியில் படலமாகச் சேரும். அடிப்பக்கம் மூடியதும் வெளிச்சம் திரும்பி வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு 20 நிமிடம் ஊறவைத்து, குழந்தைகள் பிரஷ்ஷால் அடிப்பக்கம் தேயுங்கள். கிண்ணத்தில் வைத்துக் கழுவுங்கள், சிங்க்கில் அல்ல. பூந்திக்கொட்டைத் தண்ணீரும் நல்லதே. ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் மோதிரக் கையை விடாதீர்கள். குளோரின் தங்கக் கலவையை அரித்து, கால்களை நொறுங்கச் செய்யும், வெள்ளைத் தங்கத்தில் குறிப்பாக. பற்பசையும் வேண்டாம், உலோகம் கீறும்.

கல் ஆடுவது போலத் தெரிகிறது. என்ன செய்வது?

உடனே கழற்றி ஒரு சிறிய ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். டப்பாவிலோ பீரோ லாக்கரிலோ திறந்து வைத்தால், கல் கழன்றபின் எங்கே விழுந்தது என்றே தெரியாது. வீட்டில் இடுக்கியால் நெருக்க முயலாதீர்கள். கால் ஒடியும், அல்லது கல்லின் ஓரம் தெறிக்கும். பட்டறையில் கால்களை இறுக்குவது சில நிமிட வேலை. கால் தேய்ந்து மெலிந்திருந்தால் புதிதாக உலோகம் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். வேலைக்குக் கொடுக்கும்போது கல்லின் எண், எடை, விட்டம் மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கி, திரும்பப் பெறும்போது அதே எண்ணை லென்ஸில் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.